கதையில் மட்டும் எழுந்து நின்றவர்

உமர் பாருக் எழுதிய முதல் நாவலின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில், பனி மூடிய ஒரு மலைச்சரிவில், கமாண்டோ கேப்டன் ஒருவன் தீவிரவாதி ஒருவனைத் துப்பாக்கி முனையில் நிறுத்துகிறான். வாசகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவான். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கேப்டன் யோசிக்கத் தொடங்குகிறான். தனக்குச் சுடும் அதிகாரம் தருகிற சட்டப்பிரிவு எது, அதில் எந்த உட்பிரிவு இந்த இடத்துக்குப் பொருந்தும், சுடும் முன் கொடுக்க வேண்டிய எச்சரிக்கை எந்த மொழியில் இருக்க வேண்டும். ஐம்பதாம் பக்கம் வரை யோசிக்கிறான். தீவிரவாதியும் அதுவரை கையைத் தூக்கியபடி ஒத்துழைக்கிறான்.

பழனிசெட்டிபட்டியில் என் அச்சகத்தில்தான் அந்த நாவல் அச்சானது. மெய்ப்புப் பார்த்தவனும் நான்தான். அந்த எட்டுப் பக்கத்தை வெட்டச் சொல்லி மன்றாடினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"சட்டம் பாக்காம சுட்டான்னா அவன் கொலைகாரன். கொலைகாரனை நான் எப்படி ஹீரோன்னு எழுதுறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவருடைய அடுத்த மூன்று நாவல்களையும் அச்சடித்தேன். நம்மிடையே விற்கிற ராணுவக் கதைகளில் ஆள் செத்து விழுந்தால் கைதட்டல்தான். செத்தவன் யார், சுடச் சொன்னவன் யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. உமர் பாருக்கின் கதைகளில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் நாற்பது பக்கத்துக்கு விசாரணை நடக்கும். படிக்க எரிச்சலாக இருக்கும், ஆனால் நியாயமாக இருக்கும். அப்படி எழுதிய மனிதர் என்பதால்தான் பிறகு நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் உத்தமபாளையத்துக்காரர். வாழைக்காய் மண்டி வைத்திருந்த ராவுத்தர் குடும்பம். மண்டிக்குப் போகப் பிடிக்காமல் மதுரையில் சட்டம் படித்தார். படித்ததும் ராணுவத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்துவிட்டார். ஒரு சிப்பாய்மேல் குற்றம் சுமத்தப்பட்டால் ராணுவமே தன் சொந்த நீதிமன்றத்தைக் கூட்டி விசாரிக்கும். கோர்ட் மார்ஷல் என்று பெயர். அதில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் அதிகாரிகளுக்குப் பீரங்கி தெரியும், பாலம் கட்டத் தெரியும், சட்டம் தெரியாது. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டம் இதுதான் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் ஜட்ஜ் அட்வகேட். அவருக்கு ஓட்டு கிடையாது, வாய் மட்டும் உண்டு. உமர் பாருக் இருபத்தாறு வருடம் அந்த வேலை பார்த்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று, 2012இல் ஊருக்கு வந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் வெறும் கர்னல்.

ஊருக்கு இந்த விவரமெல்லாம் ஏறவில்லை. பட்டாளத்து அதிகாரி என்றால் சண்டை போட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து விழாவில் மேடையேற்றி, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று பிள்ளைகளைவிட்டுக் கேட்க வைத்தார்கள். ஒருத்தரையும் சுடவில்லை, எல்லாம் பைல்தான் என்று அவர் உண்மையைச் சொன்னதும் தலைமையாசிரியர் மைக்கை வாங்கிக்கொண்டார். நாவல் எழுதும் கிறுக்கு அந்த மேடையில் பிடித்ததுதான் என்பது அவர் மனைவி ரெஹானாவின் கருத்து. "சுடாததை எல்லாம் எழுதித் தீத்துக்கிறாக" என்பார்.

கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ராணுவக் கடிதம் போல ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருப்பார். பதினேழாம் பத்தியில் கதாநாயகி அழுவாள். பதினெட்டாம் பத்தி, 'மேற்படி அழுகையைத் தொடர்ந்து' என்று தொடங்கும். எண்களை எடுப்பது என் வேலை. மேற்படிகளை எடுக்கும்போது சண்டை வரும்.

எழுதிய அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பாடும் முடிந்து, மாடி அறையில் வாசித்துக் காட்டுவார். கேட்பவர்கள் மூன்று பேர். கம்பத்தைச் சேர்ந்த கிங்ஸ்லி, ராணுவத்தில் கிளார்க் ஹவில்தாராக இருந்தவர். அடுத்தது சுருளியாண்டி. மூன்றாவது நான். வாசித்து முடித்ததும் கருத்துக் கேட்பார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பதவியில் கீழே இருப்பவர்தான் முதலில் பேச வேண்டும். சிப்பாயாக இருந்த சுருளியாண்டி முதலில், பிறகு ஹவில்தார் கிங்ஸ்லி. சிவிலியன் கணக்கில் வரமாட்டான் என்று என்னைக் கடைசியில் வைத்திருந்தார்.

இது அவராகக் கண்டுபிடித்ததில்லை. கோர்ட் மார்ஷலில் சாட்சியம் முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, குற்றவாளியா இல்லையா என்று ஒவ்வோர் அதிகாரியாகச் சொல்வார்கள். அப்போது வயதிலும் பதவியிலும் இளையவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது விதி. பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர்கள் அதற்கு மாறாகப் பேசமாட்டார்கள். எதிரே நிற்கிறவனின் வாழ்க்கை அதோடு முடிந்தது. இவ்வளவு பணிவு கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு கூட்டத்தில் இப்படி ஒரு விதியை யோசித்து எழுதியவன் புத்திசாலி. உமர் பாருக் இந்த விதியைப் பற்றிப் பேசும்போது முகமே மாறும்.

சுருளியாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் டிரைவர். பதினான்கு வருடம் வண்டி ஓட்டினார். 2008இல் வடக்கே அவர் இருந்த முகாமில் இரண்டு பேரல் டீசல் காணாமல் போனது. எடுத்தவர் இவர் என்று கோர்ட் மார்ஷல் நடத்தி வேலையைவிட்டு நீக்கினார்கள். ஊருக்கு வந்து, ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்து குமுளி மலைக்குப் போகிற ஜீப் ஓட்டினார். ஜீப் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் டீசல். டீசல் வந்துட்டான், டீசலைக் கூப்பிடு என்றுதான் பேச்சு. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் உட்கார நாற்காலி கிடையாது, அடையாள அட்டை கிடையாது. மனைவி மொக்கம்மாள் தோட்டத்துக்குப் போக வேறு ஜீப்பில்தான் ஏறுவார். கணவர் வண்டியில் உட்கார்ந்தால் அந்தப் பெயரைப் பின்னாலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

அந்தக் கோர்ட் மார்ஷலில் ஜட்ஜ் அட்வகேட்டாக உட்கார்ந்திருந்தவர் உமர் பாருக்.

ஓய்வு பெற்று வந்த புதிதில் குமுளி போவதற்காக ஜீப்பில் ஏறியவரைக் கண்ணாடியில் பார்த்து அடையாளம் கண்டது சுருளியாண்டிதான். கோபப்படவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாராம். அன்றிலிருந்து கர்னலுக்கு எங்கே போவதென்றாலும் அவர் ஜீப்தான். அவரைக் கண்டால் உங்களுக்கு ஆத்திரம் வரவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "அண்ணே, அந்தக் கோர்ட்டுல நாலு நாளா நின்னுக்கிட்டே இருந்தேன். இவனுக்கு ஒரு சேர் போடுங்கன்னு சொன்ன ஒரே ஆளு சார்தான்" என்றார். ஒரு நாற்காலி. பதினான்கு வருட உழைப்பைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிய இடத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னதற்கு இந்த நாட்டில் ஆயுள் முழுக்க விசுவாசம் கிடைக்கிறது. இவ்வளவு மலிவாகவா ஒரு மனிதனை வைத்திருக்கிறோம்.

ஐந்தாவது நாவலின் முக்கியமான அத்தியாயத்தை அவர் வாசித்தது ஒரு ஆடி மாத வெள்ளிக்கிழமை. கதையிலும் ஒரு கோர்ட் மார்ஷல். குற்றம் சாட்டப்பட்டவன் ஒரு சிப்பாய். கதவு சாத்தப்படுகிறது. தலைமை அதிகாரி, இளையவர்கள் பேசும் முன்பே மேசையைத் தட்டி, எடுத்தவன் இவன்தான், நேரத்தை வீணாக்க வேண்டாம் என்கிறார். இளைய அதிகாரிகள் இருவரும் தலையாட்டத் தயாராகிறார்கள். அப்போது ஜட்ஜ் அட்வகேட் மேஜர் எழுந்து நிற்கிறார். "ஐயா, நீங்கள் முதலில் பேசியிருக்கக் கூடாது. இதை நான் பதிவு செய்கிறேன். இந்த நீதிமன்றம் இனித் தொடர முடியாது" என்கிறார். தன் எதிர்காலமே போனாலும் அசையாமல் நிற்கிறார்.

உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. அவர் எழுதியதிலேயே உட்பிரிவு இல்லாத ஒரே காட்சி அது. கிங்ஸ்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கர்னல் காகிதத்தை மடியில் வைத்துவிட்டு, முறைப்படி சுருளியாண்டியைப் பார்த்தார்.

சுருளியாண்டி கேட்டார்.

"சார், நம்ம கேசுல கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்தீகள்ல. அங்கன யாரு முதல்ல பேசினாக?"

"இது கதை, சுருளி."

"கதை நல்லாருக்கு சார். நம்ம கேசைக் கேட்டேன்."

கர்னல் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தார். கிங்ஸ்லி தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நடந்ததை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருப்பதாகக் கர்னல் மெதுவாகச் சொன்னார். எந்த அதிகாரி என்ன கருத்துச் சொன்னார், எப்படி ஓட்டுப் போட்டார் என்பதை எக்காலத்திலும் வெளியிடமாட்டேன் என்று வேதத்தின் மேல் கைவைத்து எடுத்த சத்தியம்.

"சரி சார்" என்று எழுந்தார் சுருளியாண்டி. மாடிப்படியில் இறங்கும் சத்தமும் ஜீப் கிளம்பும் சத்தமும் கேட்டன. கர்னலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு வருடத்தில் அவர் சல்யூட் அடிக்காமல் போனது அன்றுதான்.

அன்று நான் சும்மா இருக்கவில்லை. கதவைச் சாத்திய அறையில் இளைய அதிகாரி பயமில்லாமல் பேசட்டும், பிறகு மேலதிகாரி அவனைப் பழிவாங்காமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான் அந்தச் சத்தியம். நிரபராதியைக் காப்பாற்றப் போட்ட வேலி. அதை எடுத்து, காப்பாற்ற வேண்டிய ஆளைச் சுற்றி அடைத்துவிட்டு, வேதம் என்கிறாரே. ஒரு மனிதன் கண்ணெதிரே பதினைந்து வருடமாகத் திருடன் என்று பெயர் சுமக்கிறான். எந்த வேதமாக இருந்தால் என்ன, அதற்கு வலிக்குமா, இவனுக்கு வலிக்குமா? இப்படியெல்லாம் கத்தினேன். தேநீர் கொண்டுவந்த ரெஹானா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டார். என் பேச்சில் பாதி அவருக்குப் பிடித்திருக்காது. ஆனால் கணவரைப் பார்த்துச் சொன்னது வேறு.

"சாட்சியை மறைச்சாதான் அல்லா கேப்பான். சொன்னதுக்காகக் கேக்கமாட்டான். இது உங்களுக்குத் தெரியாதா? யாரை ஏமாத்துறீக?"

அடுத்த வாரம் கர்னல் நாவலை அச்சுக்கு அனுப்பினார்.

இங்கே என் தவற்றையும் சொல்லியாக வேண்டும். நான் அதை அச்சடித்தேன். மறுத்திருக்கலாம். புத்தகம் வந்தால் மனிதர் கரைவார், அடுத்த அடி எடுத்து வைப்பார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் பக்கத்தில் ஒரு சமர்ப்பணம் போடச் சொல்லியிருந்தார். 'அநீதி இழைக்கப்பட்ட ஒரு சிப்பாய்க்கு.' பெயர் இல்லை. அந்த ஒற்றை வரியைப் பக்கத்தின் நடுவில் வைத்தபோது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. பெயர் போடத் துணிச்சலில்லாத சமர்ப்பணம் யாருக்குச் சோறு போடும்?

சுருளியாண்டி அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதியைக் கிங்ஸ்லியிடம் கேட்டு வாங்கினார். அதையும், கோர்ட் மார்ஷல் முடிந்தபோது தனக்குக் கொடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் ஒரு உரச்சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஹேமாவதியிடம் போனார். கதையைக் காட்டிக் கேஸ் போட முடியுமா என்று கேட்டாராம். கதையைக் காட்டி முடியாது என்று சொன்ன ஹேமாவதி, நகலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மூன்று குற்றச்சாட்டுகள், மூன்று அதிகாரிகள். தீர்மானிக்கக் கதவைச் சாத்திய நேரமும் மறுபடி திறந்த நேரமும் அதில் எழுதியிருந்தன. இடையில் எட்டு நிமிடம். மூன்று பேர் தனித்தனியாக யோசித்துச் சொல்ல அது போதாது.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அடுத்த சனிக்கிழமை நேராகக் கர்னல் வீட்டுக்கு வந்துவிட்டார். புத்தகக் கட்டு இறக்க நானும் அங்கே போயிருந்தேன். உட்காரச் சொல்லும் முன்பே பேச ஆரம்பித்தார். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு போடப் போகிறோம், உங்கள் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார். கர்னல் மறுபடி சத்தியத்தைச் சொன்னார்.

"யாரு என்ன சொன்னாகன்னு நான் கேக்கல சார். யாரு எப்படி ஓட்டுப் போட்டாகன்னும் கேக்கல. யாரு முதல்ல வாயைத் திறந்தாகன்னு மட்டும் சொல்லுங்க. வரிசை ஒண்ணும் ரகசியமில்ல."

கர்னல் அது நுணுக்கமான வாதம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஒரு பழைய வழக்கைக்கூட மேற்கோள் காட்டத் தொடங்கினார். ஹேமாவதி விடவில்லை. உரச்சாக்கிலிருந்த நகலில் கர்னல் எடுத்த சத்தியம் முழுமையாக இருந்தது. அதைப் படித்துவிட்டு, நாவலில் நூற்று எண்பதாம் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் அதே சத்தியம், மேஜர் வாயால். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். நாவலில் கடைசி வரி இல்லை. நகலில் இருந்தது: 'சட்டத்தின் முறைப்படி அவ்வாறு வெளியிடக் கோரப்பட்டாலொழிய.'

அதாவது, சட்டப்படி ஒரு நீதிமன்றம் கேட்டால் சொல்லலாம். சத்தியத்திலேயே எழுதியிருக்கிறது. சுடும் முன் எந்த உட்பிரிவு என்று எட்டுப் பக்கம் எழுதிய மனிதர் இந்த ஒரு வரியை விட்டிருக்கிறார். மெய்ப்புப் பார்த்த நானும் கவனிக்கவில்லை. எனக்கு அந்தச் சத்தியம் எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியும். அவர் அதை எத்தனை முறை கைவைத்துச் சொல்லியிருப்பார்!

"எழுதும்போது விட்டுப்போச்சு" என்றார் கர்னல். சொல்லி முடிக்கும் முன்பே அது பொய் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

பிறகு நிஜம் வந்தது. தலைமை அதிகாரி கதவு சாத்தியதும் முதல் ஆளாகப் பேசினார். இவர் கவனித்தார். எழுந்திருக்கவில்லை. எட்டே நிமிடத்தில் முடிந்தது. எல்லாம் விதிப்படி நடந்தது என்று குறிப்பின் அடியில் கையெழுத்துப் போட்டதும் இவர்தான். அந்த மாதம் அடுத்த படியான முழுக் கர்னல் பதவி உயர்வுக்கு இவர் பெயர் பரிசீலனையில் இருந்தது. தலைமை அதிகாரி செல்வாக்குள்ளவர்.

"பதவி உயர்வு கிடைச்சுதா சார்?" என்று கேட்டார் ஹேமாவதி.

"இல்லம்மா."

ஒரு மனிதனை விற்றவர் அதற்கு விலையாவது வாங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இனிமேலாவது பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். அவரோ சத்தியத்தின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். முறைப்படி கோரப்பட வேண்டுமே, தீர்ப்பாயத்திலிருந்து உத்தரவு வரட்டும், வந்தால் சொல்கிறேன் என்றார். அவராக ஒரு காலை எடுத்து வைக்க அப்போதும் ஒரு காகிதம் தேவைப்பட்டது. அந்தக் காகிதத்துக்காக ஹேமாவதி மனுப் போட்டு, இத்தனை வருடத் தாமதத்தை மன்னிக்க வேண்டும் என்று தனி மனுப் போட்டு, ஏழு மாதம் ஓடியது. அந்த ஏழு மாதமும் சுருளியாண்டி கம்பத்துக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மாடி அறைக்கு வரவில்லை. அழைத்துவரக் கிங்ஸ்லி ஒருமுறை போனபோது, டிரிப் இருக்கிறது என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

இடையில் ஹேமாவதி அந்தக் கோர்ட் மார்ஷலில் இளையவராக உட்கார்ந்த அதிகாரியையும் தேடிப் பிடித்திருந்தார். அவர் ஓய்வு பெற்றுப் புனேயில் இருந்தார். தொலைபேசியில் மறுக்கவில்லை. லெப்டினன்ட் கர்னல் முதலில் சொல்லட்டும், பிறகு நானும் எழுதித் தருகிறேன் என்றாராம். அதிகாரிகள் ஓய்வு பெற்றாலும் யார் முன்னால் போவது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

உத்தரவு வந்தது. கர்னல் ஒரே பக்கத்தில் பதினோரு வரியில் உறுதிமொழி எழுதினார். பத்திகளுக்கு எண் போட்டிருந்தார், அந்த ஒரு தடவை அது சரியாகப் பொருந்தியது. மூன்றாம் பத்தி: 'தலைமை அதிகாரி முதலில் பேசினார். நான் கவனித்தேன். ஆட்சேபிக்கவில்லை.' ஐந்து நாவல்கள், இரண்டாயிரம் பக்கம். அதில் எங்கேயும் வராதது இந்தப் பதினோரு வரியில் வந்தது.

விசாரணைக்குக் கர்னல், சுருளியாண்டி, ஹேமாவதி, நான் என்று நான்கு பேரும் சென்னைக்குப் போனோம். ரயிலில் கர்னலும் சுருளியாண்டியும் வெவ்வேறு பெட்டியில். தீர்ப்பாயத்தில் ராணுவத்துக்காக வந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கர்னலைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். கையில் ஒரு புத்தகம். அட்டையைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன், என் அச்சகத்தில் அடித்தது.

இந்தப் புத்தகத்தை எழுதியது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம். இதில் வரும் வழக்கு மனுதாரரின் வழக்கை வைத்து எழுதியதுதானே? ஆமாம். முன்பக்கச் சமர்ப்பணம் அவருக்குத்தானே? ஆமாம். அப்படியானால் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஜட்ஜ் அட்வகேட் எழுந்து ஆட்சேபம் தெரிவிக்கிறார். உங்கள் உறுதிமொழியில் அவர் எழுந்திருக்கவே இல்லை. ஒரே அறை, ஒரே ஆள். போன வருடம் ஒரு மாதிரி எழுதினீர்கள், இந்த வருடம் ஒரு மாதிரி எழுதுகிறீர்கள். கதை கட்டுவது உங்கள் பொழுதுபோக்கு. இந்த உறுதிமொழி உங்கள் ஆறாவது நாவல் இல்லை என்று நாங்கள் எப்படி நம்புவது?

பெயர் போடாத அந்தச் சமர்ப்பணமும் ஆசைக்கு எழுதிய அந்தக் காட்சியும் சேர்ந்து சுருளியாண்டியை இரண்டாம் தடவை புதைக்கப் போகின்றன என்று நினைத்தேன். அதை அச்சடித்துக் கொடுத்தவன் நான். சுருளியாண்டிக்கு ஆங்கிலம் முழுக்கப் புரியவில்லை. கர்னலின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் பொய் என்றார் கர்னல். தலைமை அதிகாரி பேசியவரைக்கும் நிஜம், தான் எழுந்து நின்றது பொய். ஏன் அப்படிப் பொய்யாக எழுத வேண்டும் என்று வழக்கறிஞர் விடாமல் கேட்டார்.

"அன்று செய்யாததை எங்கேயாவது செய்துவிட வேண்டும் போலிருந்தது. எனக்கு எந்த நஷ்டமும் வராத இடமாகப் பார்த்துச் செய்தேன்."

இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். தட்டச்சு செய்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடித்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அவற்றில் வேகம் இல்லை. தன்னைத்தானே இவ்வளவு கேவலப்படுத்திக்கொள்கிற மனிதனைப் பொய்யன் என்று காட்டுவது கஷ்டம். புனேக்காரரின் மூன்று வரி உறுதிமொழியும் அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தது. கூடவே குறிப்பிலிருந்த அந்த எட்டு நிமிடம்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கோர்ட் மார்ஷலின் முடிவு செல்லாது. இவ்வளவு காலம் கடந்து மறுபடி விசாரிக்க வேண்டியதில்லை. பணிநீக்கம் ரத்து. சுருளியாண்டி முன்னாள் ராணுவ வீரராகவே கருதப்பட வேண்டும். ஹேமாவதி தன் அலுவலகத்தில் அதைத் தமிழில் படித்துச் சொன்னபோது, 'திருட்டு நிரூபிக்கப்படவில்லை' என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார் சுருளியாண்டி. மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார். மொக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டு வாசலில் நின்ற ஜீப்பின் முன்சீட்டில்தான் அன்று அவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் உத்தரவின் நகலைக் கொடுக்கச் சுருளியாண்டியே கர்னல் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கர்னல் புதிதாக எழுதிய நான்கு பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாவலின் அந்த அத்தியாயத்தில் மேஜர் எழுந்திருக்காதபடி திருத்தியிருந்தார். இரண்டாம் பதிப்பில் சேர்க்க வேண்டுமாம். முதல் பதிப்பில் இருநூற்று அறுபது பிரதி என் அச்சகத்தில் கரையான்கூட அரிக்காமல் கிடக்கிறதே என்று நான் சொல்ல வாயெடுத்தபோதுதான் அவர் படியேறி வந்தார்.

கர்னல் எழுந்தார். இரண்டு கையாலும் நகலை வாங்கினார். தடுமாறி, மன்னிப்பு என்ற வார்த்தையைத் தமிழில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் சொன்னார். ரெஹானா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சுருளியாண்டி உட்காரவில்லை. அவர் குரலில் கோபம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன், ஆனால் பழைய பணிவும் இல்லை.

"பதினாறு வருஷம் சார். நீங்க அன்னைக்கு எந்திரிச்சிருந்தீகன்னா, உங்க கதையைக் கேக்கணும்னு எனக்கு வந்திருக்கவே வந்திருக்காது. சம்பளத்தை வாங்கிக்கிட்டு எங்கிட்டாவது வண்டி ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

ரெஹானாவிடம் வர்றேம்மா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கர்னல் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.